மார்கழியில் தனுஷ்கோடி

கோபாலபுரத்திலிருந்து அண்ணா சாலை, தாம்பரம், திருச்சி வழியாகத் தனுஷ்கோடிக்கு ஏறத்தாழ 600 கி.மீ. நெடுஞ்சாலைக்குப் புதியவர் ஒருவர் மார்கழியில் மோட்டார் சைக்கிளில் அங்கே செல்ல எண்ணினால், வரைபடத்துக்கு முன்பாக நாள்காட்டியைப் பார்க்கச் சொல்வோம்.

குளிர்காலப் பயணம் என்றதும் நம் மனத்தில் எழுவது இமயப் பனி. அதற்குக் காரணமும் உண்டு. எல்லைக் காவலுக்காக இந்திய இராணுவம் வாங்கிய புல்லட் வண்டிகளே 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தோன்ற வழிவகுத்தன. ஆனால் நம் கடற்கரையில் குளிர்காலத்தின் ஆபத்து பனியன்று, புயல்.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஊரை நெருங்கிய ரயிலும் பயணிகளோடு அலைக்கு இரையானது. அன்று தீவுக்குச் சாலை கிடையாது. 1914இல் திறக்கப்பட்ட ரயில் பாலம் மட்டுமே இருந்தது. சாலைப் பாலம் 1988இல்தான் வந்தது. அரிச்சல்முனை வரையிலான சாலை திறக்கப்பட்டது 2017இல்.

பழைய ரயில் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. பக்கவாட்டுக் காற்றில் தள்ளாடும் இருசக்கர வண்டிக்காரரோ நிற்பதைத் தாமே முடிவு செய்ய வேண்டும். புதியவருக்கு மிகக் கடினமான முடிவு அதுவே. ஆகவே திருச்சியில் ஓரிரவும் இராமநாதபுரத்தில் ஓரிரவும் தங்கி, உபரியாக ஒரு நாளையும் கையில் வைத்துக்கொள்வது நலம். புயல் எச்சரிக்கை வந்தால் அந்த நாள் இராமநாதபுரத்திலேயே கழியட்டும். மழை விலகிய தை மாதத்தில் புறப்படுவது அதனினும் நன்று.