எண்ணிம ஊடக இயக்கி

எண்ணிம ஊடக இயக்கி என்பது பென் டிரைவ், வன்தட்டு, நினைவட்டை, வீட்டு வலையமைப்பு, இணையம் ஆகியவற்றில் உள்ள நிகழ்படம், ஒலி, ஒளிப்படக் கோப்புகளைத் தொலைக்காட்சியில் காட்டும் சிறிய மின்னணுக் கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது மீடியா பிளேயர் எனப்படுகிறது. இதைப் பயன்படுத்தக் கணினி தேவையில்லை. குறுந்தகடு இயக்கியைப் போல இதில் தகடு எதுவும் சுழல்வதில்லை. கம்பிவட அல்லது செயற்கைக்கோள் அலைவரிசைகளைப் பெறும் செட் டாப் பெட்டியிலிருந்தும் இது வேறுபட்டது. செட் டாப் பெட்டி ஒளிபரப்பைக் காட்டுகிறது, ஊடக இயக்கியோ பயனர் தேர்ந்தெடுக்கும் கோப்பைக் காட்டுகிறது.

ஒரு கோப்பு தொலைக்காட்சியில் சரியாகத் தெரிவதற்குச் சேமிப்பு முறை, கொள்கலன், குறிமுறை, வெளியீட்டு இணைப்பு, எழுத்து ஆகிய ஐந்தும் பொருந்த வேண்டும். இவற்றுள் முதல் நான்கையும் தயாரிப்பாளர்கள் விரைவாகச் சீர்செய்தனர். ஐந்தாவதான எழுத்து, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளைப் பொறுத்தவரை நெடுங்காலம் குறையாகவே இருந்தது.

அமைப்பு

ஊடக இயக்கியின் மையப் பகுதி ஒரு சில்லு ஆகும். செயலி, நிகழ்படக் குறிவிலக்கி, ஒலிக் குறிவிலக்கி ஆகியவை இதிலேயே அடங்கியிருக்கும். இத்துடன் தற்காலிக நினைவகம், நிலைபொருளைத் தாங்கும் நினைவகம், யூ.எஸ்.பி. செருகுவாய், தொலைக்காட்சிக்கான வெளியீடு, ரிமோட்டின் அகச்சிவப்புக் கதிரை உணரும் பகுதி ஆகியன காணப்படும். பல கருவிகளில் லினக்சு அல்லது அதன் அடிப்படையில் அமைந்த ஆண்ட்ராய்டு இயங்குதளம் பயன்படுகிறது.

பொதுப் பயன் செயலி நிகழ்படத்தை விரிப்பதானால் அதற்கு மிகுந்த திறனும் மின்சாரமும் தேவைப்படும். குறிவிலக்கி அந்த ஒரு வேலைக்கென்றே அமைந்த மின்சுற்று என்பதால் மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்குகிறது. ஆனால் சில்லு வடிவமைக்கப்பட்ட பின்னர் தோன்றிய குறிமுறைகளை அது அறியாது. பழைய கருவியில் புதிய கோப்பு இயங்காததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம் ஆகும்.

செயற்படும் முறை

1920 × 1080 படப்புள்ளிகள் கொண்ட நிகழ்படத்தை, ஒரு புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 25 சட்டகங்கள் என்று சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு ஏறத்தாழ 124 கோடி பிட்டுகள் தேவைப்படும். எச்.264 குறிமுறையில் சுருக்கினால் இதை நொடிக்கு 50 இலட்சம் பிட்டுகள் அளவுக்குக் குறைக்க இயலும். அதாவது ஏறக்குறைய 250 இல் ஒரு பங்கு. ஒவ்வொரு சட்டகத்தையும் முழுமையாகப் பதியாமல், முந்தைய சட்டகத்திலிருந்து மாறிய பகுதிகளையே பெரும்பாலும் பதிவதால் இது சாத்தியமாகிறது. ஊடக இயக்கி கோப்பைச் சிறுசிறு பகுதிகளாகப் படித்து, படத்தையும் ஒலியையும் பிரித்து, ஒவ்வொன்றையும் விரித்து, நேரக்குறிப்பின்படி மீண்டும் இணைத்து வெளியிடுகிறது.

கொள்கலனும் குறிமுறையும்

கோப்புப் பெயரின் இறுதியில் உள்ள ஏ.வி.ஐ., எம்.பி.4, எம்.கே.வி. போன்றவை கொள்கலனின் பெயர்கள் ஆகும். கொள்கலன் ஒரு பெட்டியைப் போன்றது. அதனுள் நிகழ்படத் தடம், ஒன்று அல்லது பல ஒலித் தடங்கள், துணையுரைத் தடங்கள் ஆகியன இருக்கலாம். தடங்கள் சுருக்கப்பட்ட விதம் குறிமுறை (கோடெக்) எனப்படும். ஒரே எம்.கே.வி. கொள்கலனில் எச்.264 படமும் இருக்கலாம், எச்.265 படமும் இருக்கலாம். எனவே எம்.கே.வி. கோப்பு ஒன்று இயங்கியது என்பதைக் கொண்டு எல்லா எம்.கே.வி. கோப்புகளும் இயங்கும் என முடிவு செய்ய இயலாது.

முதன்மையான நிகழ்படக் குறிமுறைகள்:

- எம்பெக்-1: வி.சி.டி. எனப்படும் நிகழ்படக் குறுந்தகடுகளில் பயன்பட்டது.
- எம்பெக்-2: டி.வி.டி. தகடுகளிலும் எண்ணிமத் தொலைக்காட்சி ஒளிபரப்பிலும் பயன்படுகிறது.
- எம்பெக்-4 பகுதி 2: டிவ்எக்சு, எக்சுவிட் ஆகியவை இவ்வகையின.
- எச்.264: 2003 ஆம் ஆண்டு வெளியானது. மிகப் பரவலாக ஆதரிக்கப்படுவது.
- எச்.265: 2013 ஆம் ஆண்டு வெளியானது.
- ஏ.வி.1: உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தும் நோக்குடன் 2018 ஆம் ஆண்டு வெளியானது.

குறிமுறைகள் பலவும் காப்புரிமைக்கு உட்பட்டவை. 2012 ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளியான ராசுபெரி பை என்னும் சிறு கணினியின் சில்லு எம்பெக்-2 படத்தை விரிக்க வல்லதாயினும் அவ்வசதி பூட்டப்பட்டிருந்தது. அவ்வாண்டு ஆகத்து முதல் தனியே கட்டணம் செலுத்தி உரிமச் சாவி பெற்றவர்களே வன்பொருள் வழியாக அதைப் பயன்படுத்த முடிந்தது. வன்பொருளில் உள்ள திறன் அனைத்தும் பயனருக்குக் கிடைப்பதில்லை என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

வரலாறு

விளையாட்டுக் கருவியான எக்சுபாக்சில் திரைப்படக் கோப்புகளை இயக்கத் தன்னார்வலர்கள் உருவாக்கிய எக்சுபாக்சு மீடியா சென்டர் என்னும் கட்டற்ற மென்பொருளின் முதற் பதிப்பு 2004 ஆம் ஆண்டு வெளியானது. இது பின்னர் பிற கணினிகளுக்கும் மாற்றியமைக்கப்பட்டு, 2014 இல் கோடி என்று பெயர் மாற்றப்பட்டது.

ஆப்பிள் டிவி 2007 ஆம் ஆண்டும், ரோக்கு 2008 ஆம் ஆண்டும் விற்பனைக்கு வந்தன. 2008 நவம்பரில் வெசுட்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் வெளியிட்ட டபிள்யூ.டி. டிவி, யூ.எஸ்.பி. வன்தட்டை நேரடியாகச் செருகிப் படம் பார்க்கும் வகையைப் பரவலாக்கியது. அதில் எச்.டி.எம்.ஐ. வெளியீட்டுடன் பழைய தொலைக்காட்சிகளுக்கான வெளியீடும் இருந்தது. இவ்வரிசையின் உற்பத்தி பின்னர் நிறுத்தப்பட்டது.

2013 இல் கூகுள் வெளியிட்ட குரோம்காசுட்டு, தொலைக்காட்சியின் செருகுவாயிலேயே பொருத்தும் குச்சி வடிவைப் பரப்பியது. இது 2014 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தது. அமேசானின் ஃபயர் டிவி குச்சி 2017 இல் இந்தியாவில் அறிமுகமானது. இவற்றின் முதன்மை நோக்கம் இணையவழிப் படங்களைக் காட்டுவதே; சொந்தக் கோப்புகளைக் காட்ட வி.எல்.சி., கோடி போன்ற செயலிகளைத் தனியே நிறுவ வேண்டும். திறன்மிகு தொலைக்காட்சிகள் பெருகியதும் ஊடக இயக்கி தொலைக்காட்சியின் உட்பகுதியாகவே மாறியது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டு வீடுகளில் தட்டில்லா ஊடக இயக்கிக்கு முன்னோடியாக இருந்தவை வி.சி.டி., டி.வி.டி. இயக்கிகள் ஆகும். யூ.எஸ்.பி. செருகுவாய் கொண்ட டி.வி.டி. இயக்கிகள் வந்தபோது பலர் முதன்முறையாகப் பென் டிரைவில் இருந்து தொலைக்காட்சியில் படம் பார்த்தனர்.

இரண்டு அரசுத் திட்டங்கள் இதனுடன் தொடர்புடையவை. 2006 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 14 அங்குலப் படக்குழாய்த் தொலைக்காட்சிகள் 2011 வரை ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வழங்கப்பட்டன. 2011 செப்டம்பரில் அரசு, அரசு உதவி பெறும் கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. இதனால் எண்ணிமக் கோப்பை உருவாக்கும் கருவியும் அதைக் காட்டத் தெரியாத தொலைக்காட்சியும் ஒரே வீட்டில் இருக்கும் நிலை ஏற்பட்டது. ஊடக இயக்கி இவ்விரண்டுக்கும் இடையே பாலமாக அமையக்கூடிய கருவி ஆகும்.

உற்பத்தியிலும் மாநிலத்துக்குப் பங்கு உண்டு. பாக்சுகானின் துணை நிறுவனமான கிளவுடு நெட்வொர்க் டெக்னாலஜி வழியாகச் சென்னையில் ஃபயர் டிவி குச்சிகள் தயாரிக்கப்படும் என 2021 பெப்ரவரியில் அமேசான் அறிவித்தது.

மொழியும் எழுத்தும்

2004 ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டம் கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் ஒட்டியது. அதன் தொழில் நகரான ஓசூர் பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ளது. இப்பகுதியில் தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் பேசப்படுகின்றன. தொழிற்சாலைகளில் பணிபுரியப் பிற மாநிலத்தவரும் வந்து குடியேறியுள்ளனர். ஊடக இயக்கியின் இரு வசதிகள் இத்தகைய பன்மொழிச் சூழலில் சிறப்பாகப் பயன்படக்கூடியவை. ஒன்று, ஒரே கோப்பில் உள்ள பல ஒலித் தடங்களில் வேண்டிய மொழியை ரிமோட் மூலம் தெரிவு செய்தல். மற்றொன்று, ஒரு மொழிப் படத்தை வேறு மொழித் துணையுரையுடன் (சப்டைட்டில்) காணல்.

இரண்டாவது வசதியே சிக்கலானது. எசு.ஆர்.டி. வகைத் துணையுரைக் கோப்பில் நேரக்குறிப்பும் உரையும் மட்டுமே இருக்கும். அவ்வுரையை எழுத்தாக வரைவது கருவியின் பொறுப்பு. அதற்கு மூன்று நிலைகள் உள்ளன.

முதலாவது குறியேற்றம். ஒருங்குறியில் தமிழுக்கும், தெலுங்குக்கும், கன்னடத்துக்கும் தனித்தனி இடங்கள் உள்ளன. யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. கருவி அவற்றை இலத்தீன் எழுத்துகளாகக் கருதினால் ஒரு தமிழ்க் குறிக்குப் பதிலாகப் பொருளற்ற மூன்று குறிகள் தோன்றும். திசுக்கி, தாப் போன்ற பழைய குறியேற்றங்களில் அமைந்த கோப்புகளிலும் இதையொத்த குழப்பம் நேரும். 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேசு-16 குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது.

இரண்டாவது எழுத்துரு. கருவியில் தமிழ் எழுத்துரு இல்லையெனில் எழுத்துகளுக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் தோன்றும்.

மூன்றாவது வரிவடிவ ஒழுங்கு. "பெண்" என்னும் சொல்லில் எகரக் குறியான கொம்பு, நினைவகத்தில் பகரத்துக்குப் பின்னால் உள்ளது. திரையிலோ முன்னால் வர வேண்டும். இதை அறியாத கருவி கொம்பைப் பகரத்துக்கும் ணகரத்துக்கும் நடுவில் வைக்கும். படிப்பவர் அதை ணகரத்துக்கு உரியதாகக் கொள்வார். கன்னடத்திலும் தெலுங்கிலும் மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து வரும்போது இரண்டாம் எழுத்து முதல் எழுத்தின் கீழ் எழுதப்படும். அதற்கும் இத்தகைய ஒழுங்குபடுத்தல் இன்றியமையாதது. ஹார்ஃப்பசு என்னும் கட்டற்ற மென்பொருள் இப்பணியைச் செய்கிறது. துணையுரை வரையும் லிபாசு என்னும் நிரல் தொகுப்பும் இதைப் பயன்படுத்திக் கொள்கிறது.

கருவி தமிழை ஆதரிக்காவிடில் இரண்டு மாற்று வழிகள் உண்டு. டி.வி.டி. வகைத் துணையுரைகள் எழுத்தாக அல்லாமல் படமாகவே சேமிக்கப்படுவதால் எழுத்துரு இல்லாத கருவியிலும் சரியாகத் தெரியும். அல்லது, கணினியில் துணையுரையைப் படத்தின் மீதே பதித்துப் புதிய கோப்பாக்கலாம்; ஆனால் அவ்வாறு பதித்ததைப் பின்னர் நீக்க இயலாது.

தொலைக்காட்சியுடன் இணைத்தல்

எச்.டி.எம்.ஐ. செருகுவாய் உள்ள தொலைக்காட்சியில் ஒரே கம்பிவடம் படத்தையும் ஒலியையும் கொண்டு செல்லும். படக்குழாய்த் தொலைக்காட்சிகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறச் செருகிகள் பயன்படும். மஞ்சள் படத்துக்கும் மற்ற இரண்டும் ஒலிக்கும் உரியவை. இவ்வகையில் கருவியின் வெளியீட்டைப் பால் முறைக்கு அமைக்க வேண்டும். இந்தியத் தொலைக்காட்சி ஒளிபரப்பில் பயன்பட்டது அம்முறையே. அமெரிக்காவில் வழங்கிய என்.டி.எசு.சி. முறையில் அமைத்தால், பால் முறையை மட்டும் அறிந்த தொலைக்காட்சியில் படம் நிறமின்றியோ உருண்டோ தெரியும்.

பொதுவான சிக்கல்கள்

- கோப்பு பென் டிரைவில் ஏறவில்லை: ஃபேட்32 முறையில் ஒரு கோப்பின் அளவு 4 ஜி.பி.க்குக் குறைவாக இருக்க வேண்டும். நொடிக்கு 50 இலட்சம் பிட் வீதத்தில் 2 மணி நேரப் படம் ஏறத்தாழ 4.5 ஜி.பி. ஆகும். கருவி ஆதரித்தால் என்.டி.எஃப்.எசு. அல்லது எக்சுஃபேட் முறையில் பென் டிரைவை வடிவமைக்கலாம். வடிவமைக்கும்போது அதில் உள்ளவை அழியும்.
- படம் உண்டு, ஒலி இல்லை: டி.டி.எசு. போன்ற ஒலிக் குறிமுறையைக் கருவி ஆதரிக்காமல் இருக்கலாம். ஒலித் தடத்தை மட்டும் ஏ.ஏ.சி. வகைக்கு மாற்றினால் போதும். படத்தின் தரம் குறையாது.
- துணையுரை தோன்றவில்லை: துணையுரைக் கோப்பும் நிகழ்படக் கோப்பும் ஒரே பெயரில் ஒரே கோப்புறையில் இருத்தல் வேண்டும்.
- கருவி தானே மீண்டும் தொடங்குகிறது: தொலைக்காட்சியின் யூ.எஸ்.பி. 2.0 செருகுவாய் 0.5 ஆம்பியர் மின்னோட்டத்துக்கே உறுதியளிக்கிறது. இது போதாத கருவிகளுக்கு அவற்றுடன் வரும் மின்மாற்றியையே பயன்படுத்த வேண்டும்.
- மின்தடைக்குப் பின் வன்தட்டு தெரியவில்லை: எழுதும் நிலையில் மின்சாரம் நின்றால் கோப்பு அட்டவணை பழுதடையலாம். கணினியில் இணைத்துப் பிழை நீக்கும் முன் வடிவமைக்கக் கூடாது.

குடும்பப் பதிவுகளைப் பாதுகாத்தல்

திரைப்படத்துக்கு வேறு படிகள் கிடைக்கும். குடும்பத்தின் திருமணப் பதிவுக்குக் கிடைப்பதில்லை. அத்தகைய பதிவுகள் பலவும் வி.சி.டி., டி.வி.டி. தகடுகளில் உள்ளன. எழுதத்தக்க தகடுகளின் சாயப்படலம் வெப்பத்தாலும் ஒளியாலும் சிதையக்கூடியது. வி.சி.டி.யில் உள்ள .டேட் என்னும் கோப்புகளில் எம்பெக்-1 படமே உள்ளது. ஆயினும் பல ஊடக இயக்கிகள் அவற்றை அடையாளம் காண்பதில்லை. அவற்றை எம்பெக் கோப்பாகப் பிரித்தெடுத்து, மூலத்தை அழிக்காமல், எச்.264 படமும் ஏ.ஏ.சி. ஒலியும் கொண்ட எம்.பி.4 படி ஒன்றையும் உருவாக்கி வைத்தல் நன்று. இரண்டு வெவ்வேறு சேமிப்புக் கருவிகளில் படி வைத்திருப்பது இழப்பைத் தவிர்க்க உதவும்.

பதிப்புரிமை

ஊடக இயக்கியை வைத்திருப்பதோ பயன்படுத்துவதோ குற்றமன்று. உரிமம் பெறாத திரைப்படப் படிகளை உருவாக்கிப் பரப்புதல் 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றமாகும். இந்தியாவில் திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கிறது. குண்டர் சட்டம் என வழங்கும் 1982 ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் தடுப்புக் காவல் சட்டத்தில், 2004 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நிகழ்படத் திருட்டில் ஈடுபடுவோரும் சேர்க்கப்பட்டனர்.

இவற்றையும் பார்க்க

- வி.எல்.சி. ஊடக இயக்கி
- நிகழ்படக் குறுந்தகடு
- ஒருங்குறி
- தமிழ் எழுத்துருக்கள்
- கட்டற்ற மென்பொருள்
- கிருஷ்ணகிரி மாவட்டம்