பழைய சுங்க மாளிகை, மும்பை

பழைய சுங்க மாளிகை மும்பையின் ஃபோர்ட் பகுதியில், ஷாகித் பகத் சிங் சாலையில் உள்ள வரலாற்றுக் கட்டடம். துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்குத் தீர்வை வாங்கக் கிழக்கிந்தியக் கம்பெனி இதைப் பயன்படுத்தியது. நகரில் இன்றும் புழக்கத்தில் உள்ள மிகப் பழைய கட்டடங்களுள் இதுவும் ஒன்று. மராத்தியில் இதன் பெயர் 'ஜுனே ஜகாத் கர்'. ஜகாத் என்றால் சுங்கம். மும்பைத் தமிழர் பேச்சில் இது 'ஓல்ட் கஸ்டம் ஹவுஸ்'.

வரலாறு

1661-இல் ஏற்பட்ட திருமண ஒப்பந்தத்தின்படி பம்பாய்த் தீவு போர்ச்சுகலிடமிருந்து ஆங்கில அரசர் இரண்டாம் சார்லசுக்குச் சீதனமாக வந்தது. 1665-இல் ஆங்கிலேயர் அதைக் கைக்கொண்டனர். 1668-இல் ஆண்டுக்கு 10 பவுன் வாடகைக்குக் கம்பெனி அதைப் பெற்றது. போர்ச்சுகீசியப் படைவீரர் குடியிருப்பு ஒன்றே மாளிகையின் பழைய பகுதி என்று கருதப்படுகிறது. முகப்பு மண்டபத்தின் மேல் கம்பெனியின் சின்னமும், அன்றைய ஆளுநர் வில்லியம் ஐஸ்லபியின் பெயரும், 1714 என்ற ஆண்டும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன.

ஓவியத்தில் பம்பாய்க் கரை

லண்டனில் புதிதாகக் கட்டிய தலைமையகத்துக்காகக் கம்பெனி ஆறு எண்ணெய் ஓவியங்களை வரையச் செய்தது. பம்பாய், சென்னை, கல்கத்தா, தலச்சேரி, நன்னம்பிக்கை முனை, செயின்ட் ஹெலினா ஆகியவை அவற்றின் பொருள். 1732 வாக்கில் ஜார்ஜ் லம்பெர்ட் நிலக்காட்சியையும் சாமுவேல் ஸ்காட் கப்பல்களையும் தீட்டினர். இருவரும் இந்தியாவுக்கு வந்ததில்லை. கைக்குக் கிடைத்த வரைபடங்களை வைத்தே வரைந்தார்கள். ஆகவே பம்பாய் ஓவியத்தைக் கட்டடம் கட்டடமாக நம்ப இயலாது. ஆனால் சுங்க மாளிகை நின்ற கரை கடலிலிருந்து எப்படித் தோன்றியது என்பதைக் காட்டும் அரிய ஆவணம் அது.

வெனிஸ் நகரின் கடற்சுங்க மாளிகை கனலெட்டோ, குவார்தி ஆகியோரின் ஓவியங்களால் உலகப் புகழ் பெற்றது. அது இன்றும் நீர்முனையிலேயே நிற்கிறது. மும்பை மாளிகையிடமிருந்து கடல் விலகிவிட்டது. துறைமுக வேலைக்காகக் கரையை மேலும் மேலும் தூர்த்தார்கள். 1914-1918 காலத்தில் அலெக்சாண்ட்ரா கப்பல்துறைக்குத் தோண்டிய மண்ணைக் கொட்டி, 22 ஏக்கரில் பல்லார்ட் எஸ்டேட் உருவானது. புதிய சுங்க மாளிகை இருப்பது அங்கேதான்.

இன்றைய பயன்பாடு

பழைய மாளிகையில் மும்பை நகர மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இயங்குகிறது. தமிழர் மிகுந்த தாராவியும் மாட்டுங்காவும் இம்மாவட்டத்தைச் சேர்ந்தவை. செம்பூர் புறநகர் மாவட்டத்தில் இருப்பதால், அங்குள்ளோர் பாந்திராவில் உள்ள அலுவலகத்துக்குச் செல்கின்றனர். மனுவோடு பழைய மாளிகைக்குப் போகும் தாராவிக்காரர் வாசலில் ஒரு நிமிடம் நின்று, மேலே உள்ள அந்த 1714-ஐ அண்ணாந்து பார்க்க வேண்டும்.