புரவலர் பெயரில் ஒரு கோப்பை

விளையாட்டின் வரலாறு என்பது வென்றோர் பட்டியல்தானே என்று அதைக் கடந்து போய்விடுவது இலக்கிய வாசகர்களாகிய நம்மிடையே உள்ள வழக்கம். ஆயின் ஐரோப்பியப் பெண்கள் கூடைப்பந்துக் கழகங்கள் 1959 முதல் வென்றுவந்த கோப்பையின் பட்டியலை அவ்வாறு கடந்துவிட இயலவில்லை. அதில் வரும் அணிகளின் பெயர்களைச் சற்று நின்று வாசித்தால், ஒரு நகரத்தின் டிராம் வண்டிகள், கார் தொழிற்சாலை, குழந்தைகளின் காலணி, உருக்கு வணிகம், உலோகச் சுரங்கம் என்று வேறொரு பட்டியல் அடியில் ஓடுவது தெரிகிறது. பந்தை எறிந்தவர்கள் பெண்கள். ஏட்டில் ஏறிய பெயரோ பல வேளைகளில் அவர்களுக்குப் படியளந்தவர்களுடையது. அந்த இரண்டாவது பட்டியலைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது நாடுகளுக்கிடையே நடக்கும் போட்டி அன்று. தத்தம் நாட்டில் முதன்மை பெற்ற கழகங்கள் மோதும் களம். உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா 1958இல் ஆண்களுக்கு இதைத் தொடங்கியது. அடுத்த பருவத்திலேயே பெண்களுக்கும் தொடங்கிவிட்டது. 1959இல் முதல் கோப்பையை பல்கேரியாவின் ஸ்லாவியா சோஃபியா வென்றது. ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்துக்கு இடம் கிடைத்தது 1976இல்தான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில், 1996இல், இப்போட்டி யூரோலீக் என்ற பெயரைப் பெற்றது.

அடுத்த ஆண்டு ரீகா நகரம் களத்துக்கு வந்தது. 1935இல் நடந்த முதல் ஐரோப்பிய ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியை வென்ற நாடு லாட்வியா. 1940இல் சோவியத் ஒன்றியம் அந்நாட்டை விழுங்கிக்கொண்டபின் அதன் கொடி களங்களிலிருந்து மறைந்தது, ஆட்டம் மறையவில்லை. ஆண்கள் கோப்பையின் முதல் மூன்று ஆண்டுகளையும் ரீகாவின் இராணுவக் கழகம் வென்றது. பெண்களுக்கு வாய்த்த புரவலர் இராணுவம் அன்று. நகரத்தின் டிராம், டிராலிபஸ் நிறுவனம். டி.டி.டி. என்ற அணிப்பெயர் அந்நிறுவனத்தின் லாட்வியப் பெயரின் சுருக்கமே. ஐரோப்பியக் களத்தில் இவர்கள் தம் ஊரின் ஆற்றுப் பெயரான டௌகவாவைத் தாங்கி ஆடினார்கள். 1960 முதல் 1982 வரை 18 கோப்பைகள். அவற்றுள் 1964 முதல் 1975 வரை தொடர்ச்சியாகப் பன்னிரண்டு. வேறெந்தக் கழகமும் இந்த எண்ணை இன்றுவரை நெருங்கவில்லை.

அவற்றுள் 11 கோப்பைகளில் பங்குகொண்டவர் உலியானா செம்யோனவா. 1952இல் லித்துவேனியாவின் ஸராசாய் ஊரில், ரஷ்யக் குடும்பமொன்றில் பிறந்தவர். ஏறத்தாழ ஏழடி உயரம். பதின்ம வயதில் ரீகாவுக்கு அழைத்து வரப்பட்டவர், சோவியத் தேசிய அணிக்காக ஆடிய அதிகாரபூர்வ சர்வதேசப் போட்டிகளில் ஒருமுறையும் தோற்றதில்லை. 1976, 1980 ஒலிம்பிக் தங்கங்கள் இரண்டும் அவர் கையில் இருந்தன. ஆனால் சோவியத் சட்டத்தின் கண்ணில் அவர் தொழில்முறை ஆட்டக்காரர் அல்லர். அப்படி ஒரு தொழிலே அங்கு இல்லை. ஆட்டமே முழுநேரப் பணியாக இருந்தும் அதைப் பணி என்று சொல்லும் உரிமை இல்லாத நிலை அது. வெளிநாட்டுக் கழகத்தில் ஆட ஸ்பெயினுக்குச் செல்லும் வாய்ப்பு 1987இல் கிட்டியபோது அவருக்கு வயது 35. உச்சம் கடந்த பிறகு திறந்த கதவு. 1993இல் அமெரிக்காவின் நெய்ஸ்மித் கூடைப்பந்துப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றபோது, அமெரிக்கரல்லாத பெண்களுள் அவரே முதல்வர்.

கிழக்கு ஐரோப்பாவின் பிடியை முதலில் தளர்த்தியது இத்தாலி. 1978இல் மிலானுக்கு அருகிலுள்ள தொழிலாளர் நகரமான செஸ்தோ சான் ஜொவானியின் கழகம் வென்றது. அங்கே அரசின் இடத்தில் வணிகம் வந்து அமர்ந்தது. 1980இல் வென்ற தூரின் அணியின் பெயர் ஃபியட் தொரினோ. விச்சென்ஸா நகர அணி ஐந்து கோப்பைகளை வென்றது. 1983இல் அதன் பெயர் ஸோலு, 1985 முதல் 1988 வரை காலணி நிறுவனமான பிரிமிஜி. அதே ஊர், அதே கழகம். பணம் தருபவர் மாறினால் பெயர் மாறும். இதைக் குறையென்று மட்டும் சொல்வதற்கில்லை. அந்தப் பணம் வந்ததால்தான் ஆட்டத்தைத் தொழில் என்று வெளிப்படையாகச் சொல்லும் பெண்கள் உருவானார்கள்.

ஆனால் புரவலர் கையை விரித்தால் என்ன ஆகும் என்பதை ஸ்பெயினின் வலென்சியா காட்டியது. உருக்கு வணிகக் குழுமமான ரோஸ் காஸாரெஸின் பெயரில் இயங்கிய அணி, லாரன் ஜாக்சன், மாயா மூர் போன்றோரைச் சேர்த்து 2012இல் கோப்பையை வென்றது. சில மாதங்களில் அந்தத் தொழில்முறை அணியே கலைக்கப்பட்டது. தோற்ற அணி கலைவது உலக இயல்பு. ஐரோப்பாவை வென்ற அணி, வென்ற ஆண்டிலேயே கலைந்தது. வள்ளல் மறைந்தபின் பாணர் வழிநடந்த கதையை நாம் ஏடுகளில் வாசித்திருக்கிறோம். வலென்சியாவில் அதற்கு வள்ளல் மறையவேண்டிய தேவைகூட இருக்கவில்லை.

மறைந்த வள்ளல் மாஸ்கோவில் இருந்தார். 2007 முதல் 2010 வரை தொடர்ந்து நான்கு கோப்பைகள் வென்றது மாஸ்கோ வட்டார ஸ்பார்டக் அணி. அதன் புரவலர் ஷப்தாய் கல்மனோவிச். சோவியத்துக்காக உளவு பார்த்ததாக இஸ்ரேலில் சிறைப்பட்டு, 1993இல் விடுதலையாகி, ரஷ்யாவில் பெரும்பொருள் ஈட்டியவர். சூ பேர்ட், டயானா டராசி முதலிய அமெரிக்க வீராங்கனைகளுக்குத் தாய்நாட்டில் கனவிலும் கிடைக்காத ஊதியத்தை அவர் அளித்தார். 2009 நவம்பர் 2 அன்று மாஸ்கோத் தெருவில் தம் காரிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். அந்தப் பருவத்தின் கோப்பையையும் அணி வென்றது. அதன்பின் அது முதலிடத்துக்குத் திரும்பவேயில்லை.

அந்த இடத்தை யூரல் சுரங்க, உலோக நிறுவனத்தின் எகாதரின்பர்க் அணி எடுத்துக்கொண்டது. 2003 முதல் 2021 வரை ஆறு கோப்பைகள். 2015இல் டராசி, அந்நிறுவனத்தின் வேண்டுகோளுக்கிணங்க, அமெரிக்கப் பெண்கள் லீக்கின் ஒரு பருவம் முழுதும் ஆடாமல் ஓய்வெடுத்தார். ரஷ்யாவில் அவருக்கு ஏறத்தாழ 15 லட்சம் டாலர் என்றும், அமெரிக்காவில் சற்றேறக்குறைய 1 லட்சத்து 7 ஆயிரம் என்றும் அன்றைய செய்திகள் கூறின. சொந்த நாடு குறைவாக மதித்த உழைப்பை ஒரு சுரங்க நிறுவனம் அதிகமாக மதித்தது. பெண்களுக்கு வேறு வழி இருந்ததா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

அதே எகாதரின்பர்க் அணிக்கு ஆட வந்த பிரிட்னி கிரைனர், 2022 பிப்ரவரி 17 அன்று மாஸ்கோ விமான நிலையத்தில், பையில் கஞ்சா எண்ணெய் இருந்ததாகக் கைதுசெய்யப்பட்டார். ஒரு வாரத்தில் உக்ரைன் போர் மூண்டது. ஆகஸ்டில் ஒன்பது ஆண்டுச் சிறைத்தண்டனை. டிசம்பர் 8 அன்று ஆயுத வணிகர் விக்டர் பூட்டுக்கு மாற்றாக விடுதலை. ஊதிய வேறுபாடு அழைத்துச்சென்ற பாதையில் போன ஒரு பெண், இரு வல்லரசுகளின் தராசில் ஒரு தட்டாக நின்றார். ரஷ்ய அணிகள் போட்டியிலிருந்து விலக்கப்பட, அந்த ஆண்டின் கோப்பை ஹங்கேரியின் சோப்ரோன் என்ற சிற்றூரைச் சென்றடைந்தது.

அதன்பின் 2023, 2024 கோப்பைகளை இஸ்தான்புல்லின் ஃபெனர்பாஹ்சே வென்றது. 2025இல் பிராக் பல்கலைக்கழக விளையாட்டுக் கழகம். வென்றபோது முன்னதன் பின்னே ஒரு முதலீட்டுக் குழுமத்தின் பெயர் இருந்தது, பின்னதன் முன்னே ஓர் இயந்திரத் தொழிற்சாலையின் பெயர் இருந்தது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இவை புரவலர் வருமுன்பே இருந்த கழகங்கள். அவர் போனபின்பும் இருக்கக்கூடியவை. டி.டி.டி. இதற்குச் சான்று. அதைத் தாங்கிய சோவியத் அரசு 1991இல் வீழ்ந்தது. விடுதலை பெற்ற லாட்வியாவில் கழகம் தொடர்ந்து ஆடியது. பழைய வலிமை அதற்கு மீளவில்லை, கோப்பையும் மீளவில்லை. ஒரு போக்குவரத்து நிறுவனத்தின் மூன்றெழுத்தை ரீகாவின் பெண்கள் தங்கள் பெயராக்கிக்கொண்டுவிட்டார்கள். இப்பட்டியலில் படியளந்தவரின் பெயர் ஆடியவர்களுக்குச் சொந்தமான இடம் அது ஒன்றே என்று நமக்குத் தோன்றுகிறது.