பேராதனைப் பூங்காவும் அணுக்குண்டும்

பழைய தெல்தெனியப் பட்டினம் இன்று விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியிற் கிடக்கிறது. 1985ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட அணையின் பொருட்டு ஊர் மேட்டு நிலத்துக்குப் பெயர்ந்தது. அதனை மூடிய நீர் மகாவலி கங்கையின் நீர். தெல்தெனியவை அடையுமுன் அக்கங்கை பேராதனைப் பூங்காவை வளைத்துக்கொண்டு ஓடுகிறது. அணுவாயுத வரலாற்றின் ஓர் ஏடு அப்பூங்காவுக்கும் உரியது என்பதைப் பலர் அறியார்.

1944 ஏப்பிரல் மாதத்தில், தென்கிழக்காசிய நேசநாட்டுப் படைகளின் தலைமையகம் டில்லியிலிருந்து அங்கே வந்தது. அதன் தலைவர் மவுண்ட்பேட்டன். பின்னாளில் இந்தியாவின் இறுதி வைசிராயாக விளங்கியவர். மூங்கிற் புதர்களின் நடுவே எழுந்த கொட்டகைகளில் மலாயாவை மீட்கும் படையெடுப்பு வகுக்கப்பட்டது. அதற்குக் குறித்த நாள் 1945 செப்டெம்பர் 9.

அவ்வாண்டு சூலைத் திங்களில் பொற்சுடாம் மகாநாட்டுக்குச் சென்ற அவரிடம், யப்பான் மீது புதுவகைக் குண்டு போடப்படவிருக்கும் செய்தி இரகசியமாகச் சொல்லப்பட்டது. காரணத்தை வெளியிட இயலாத அவர், யப்பான் விரைவிற் சரணடையக்கூடும், ஆயத்தமாயிருக்க வேண்டும் என்று மட்டும் தம் தலைமையகத்துக்கு அறிவித்தார். ஆகஸ்டு 6இல் ஹிரோஷிமாவும் 9இல் நாகசாகியும் அழிந்தன. ஆண்டு முடிவதற்குள் மாண்டோர் ஏறத்தாழ இரண்டு இலட்சம். குறித்த நாளிற் படைகள் மலாயாக் கரையில் இறங்கியபோது எதிர்த்துச் சுட எவருமிலர்.

சயாம் மரண இரயில்பாதையில் ஆயிரமாயிரமாய் மடிந்த மலாயாத் தோட்டத் தமிழரின் உறவினருக்கு, போர் முடிந்ததே பெரிது. எதனால் முடிந்தது என்று அவர்கள் ஆராயாதது வியப்பன்று.

போரை முடித்த குண்டு இனிப் போரே வராமலும் தடுக்கும் என்ற வாதம் அங்கிருந்தே வளர்ந்தது. அடித்தவனும் அழிவான் என்ற அச்சமே காவல் என்பர். நாகசாகிக்குப் பின் எப்போரிலும் அணுக்குண்டு வெடிக்கவில்லையாதலின் இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அச்சம் தவறான செய்தியையும் நம்பும். 1983 செப்டெம்பரில், அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகச் சோவியத்துக் கருவிகள் பொய்யாய் அறிவித்த இரவில், உலகைக் காத்தது அச்சமன்று. அதனை நம்ப மறுத்த ஓர் அதிகாரியின் நிதானமே. 1986இல் உலகில் அணுவாயுதங்கள் 60,000க்கும் மேல். அத்தனைக்கும் அத்தகைய அதிகாரி வாய்ப்பாரோ?

1979 மே மாதம் ஸ்திராஸ்பூர்க் நகரிற் பேசிய மவுண்ட்பேட்டன், அணுவாயுதப் போட்டியால் இராணுவப் பயன் எதுவுமில்லை, அவற்றைக் கொண்டு போர் நடத்தவும் இயலாது என்றார். அரை நூற்றாண்டுப் படைச்சேவை கண்டவர் கூறியமையால் அச்சொல்லுக்குத் தனி நிறையுண்டு. மூன்று மாதங்களின் பின் அவர் ஐரிசுத் தீவிரவாதிகளின் வெடிகுண்டுக்கு இரையானார்.

கண்டித் திரித்துவக் கல்லூரியிலும் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் பயின்ற சயந்த தனபால இவ்வரலாற்றின் அடுத்த பாத்திரம். 1995இல் நியூயோர்க்கில் நடந்த அணுவாயுதப் பரவற்றடை ஒப்பந்த மகாநாட்டுக்கு அவரே தலைவர். கால் நூற்றாண்டுக்கென நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், வாக்கெடுப்பின்றியே காலவரையறையற்றதாயிற்று. படைக்கலம் உடையோர் அவற்றைக் களைவதற்கு உழைப்பர் என்ற உறுதியும் கூடவே தரப்பட்டது. நீட்டிப்பு நிலைத்தது, உறுதியோ நிறைவேறவில்லை. ஒப்பந்தத்திற் சேராத இந்தியாவும் பாகிஸ்தானும் 1998இல் குண்டுகளை வெடித்துக் காட்டின.

தனபால 2023 மே மாதம் காலமானார். அவ்வாண்டு செப்டெம்பரில் இலங்கை அணுவாயுதத் தடை ஒப்பந்தத்தில் இணைந்தது. அணுக்குண்டு வைத்திருக்கும் நாடு எதுவும் அதில் இதுவரை கையொப்பமிடவில்லை.