மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்: ஒரு தலைமுறையோட முதல் வேலை

உங்க வீட்ல 2000ஐ ஒட்டி டிகிரி முடிச்ச அக்காவோ சித்தப்பாவோ இருந்தா, "நீங்க எம்.டி. கோர்ஸ் போனீங்களா?"ன்னு கேட்டுப் பாருங்க. நாங்க எம்.பி.பி.எஸ். முடிச்சுட்டுப் படிக்கிற எம்.டி. இல்ல. தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணுதான், என்ன செய்ய! இது மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். விலங்கியலோ ஆங்கிலமோ படிச்சுட்டு வேலை தேடின பல பேருக்கு முதல் சம்பளம் இதுலதான் வந்தது.

அமெரிக்காவுல நிறைய மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்துட்டு விவரத்தை வாயால சொல்லிப் பதிவு பண்ணிடுவாங்க. அதை யாராவது டைப் செய்யணும். பதிவேடு சரியா இருந்தாத்தான் இன்சூரன்ஸ் பணம் வரும். 1995 ஆகஸ்ட் 15ல வி.எஸ்.என்.எல். இங்க பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது. அவங்க சாயங்காலம் பேசுறது நமக்கு விடியற்காலை. அவங்க தூங்கி எழுந்திருக்கும்போது டைப் செஞ்ச ரிப்போர்ட் ரெடி. இந்த நேரக் கணக்குலதான் சென்னை, கோவை, பெங்களூருன்னு இந்தத் தொழில் பரவுச்சு.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா பி.எஸ்சி. விலங்கியல். வளையலை அடகு வெச்சு கோர்ஸுக்கு ஃபீஸ் கட்டினாங்க. 'வேலை நிச்சயம்'னு விளம்பரம் போட்ட அந்த சென்டர், கோர்ஸ் முடியறதுக்குள்ள பூட்டிக்கிச்சு. அப்புறம் ஏறி இறங்கின எல்லா கம்பெனியிலும் ஒரே கேள்வி: "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" கடைசியா ஒரு இடத்துல டிகிரியைப் பத்திப் பேசவே இல்ல. ஹெட்ஃபோனை மாட்டி, ஒரு ஆடியோவைப் போட்டு, "கேட்டு டைப் பண்ணும்மா"ன்னுட்டாங்க.

வேலை எப்படின்னா, காலுக்குக் கீழ தையல் மெஷின் மாதிரி ஒரு பெடல். மிதிச்சா ஆடியோ ஓடும், விட்டா நிக்கும். 65 எழுத்து சேர்ந்தா ஒரு லைன். லைன் கணக்குல காசு.

இப்போ ஒரு மருத்துவரா எனக்கு முக்கியமாப் படற விஷயத்துக்கு வரேன். டிஸ்ஃபேஜியான்னா விழுங்குறதுல சிரமம். டிஸ்ஃபேசியான்னா பேச்சுல சிரமம். பக்கவாத நோயாளிக்கு ரெண்டுமே வரலாம், அதனால முன்பின் வரியைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. மாத்தி எழுதினா என்ன ஆகும்? விழுங்க முடியாதவர் வாயில யாரோ இட்லியை ஊட்டுவாங்க. அது நுரையீரலுக்குப் போய் நிமோனியாவுல முடியலாம்.

அதனால புதுசா சேர்ந்தவங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடமே இதுதான்: காதுல சரியா விழலைன்னா ஊகிக்காதே, இடம் விட்டுடு. சீனியர் கேட்டு நிரப்புவாங்க. நிறைய இடம் விட்டா சம்பளம் அடிபடும்னு தெரிஞ்சும் இடம் விட்டவங்கதான் நல்ல எம்.டி.

2009ல அமெரிக்கா ஹைடெக் சட்டம் கொண்டு வந்து, பதிவேடுகளைக் கம்ப்யூட்டருக்கு மாத்துற மருத்துவமனைகளுக்கு ஊக்கத்தொகை கொடுத்தது. டாக்டர்களே க்ளிக் பண்ண ஆரம்பிச்சாங்க. இன்னொரு பக்கம், பேச்சை எழுத்தாக்குற மென்பொருள் வளர்ந்துச்சு. அதுல பெரிய கம்பெனியான நுவான்ஸை 2022ல மைக்ரோசாஃப்ட் வாங்கி முடிச்சது. மெஷின் அடிச்சதைத் திருத்த அனுபவசாலி வேணும், ஃப்ரெஷர் எதுக்கு? முதல் படியே காணாமப் போச்சு. மெஷினுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. புரியலைன்னா பெரும்பாலும் இடம் விடாது, பொருந்துற மாதிரி ஒரு வார்த்தையை வெச்சுடும்.

அந்த அக்கா இப்போ மெடிக்கல் கோடிங்ல இருக்காங்க. போன மாசம் அவங்க அப்பாவோட டிஸ்சார்ஜ் சம்மரியை என்கிட்ட கொண்டு வந்தாங்க. ஒரு வார்த்தையைச் சுத்தி பென்சில் வட்டம். "டாக்டர், இது ஃபேஜியாவா, ஃபேசியாவா? அப்பா நல்லாத்தான் பேசுறார், சாப்பிடும்போதுதான் இருமுறார்."

வார்டுக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். வட்டம் சரியான இடத்துலதான் இருந்துச்சு.