தொழிற்பழகுநர்: எல்லையூர் மின்பணியாளரின் முன்வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

பாலராமபுரத்தின் ஒற்றைத் தெருவிலும் இரட்டைத் தெருவிலும் களப்பணிக்காக அலைந்த நாட்களில் ஒரு வினைச்சொல் என்னை விடாமல் தொடர்ந்தது: பழகு. தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் அப்ரன்டிஸ் என்பவர் 'தொழிற்பழகுநர்'. எல்லைக்கு இப்பால் பேச்சில் 'அப்ரன்டிஸ்' என்றே வழங்குகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கலாம். அதே வினை மலையாளத்தில் பழமையடைதலைச் சுட்டும். 'பழகிய' உணவு என்றால் அங்கே ஊசிப்போன உணவு. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசும் நெய்யாற்றின்கரைச் சிறுவனுக்குப் 'பழகுநர்' என்ற சொல் எப்படி ஒலிக்கும் என்று யோசித்துக்கொண்டே தெருவைக் கடந்தேன்.

இவ்வூரில் தொழிற்பழக்கத்தின் வரலாறு மின்சாரத்துக்கு நெடுங்காலம் முந்தியது. திருவிதாங்கூரை 1798 முதல் 1810 வரை ஆண்ட அவிட்டம் திருநாள் பாலராம வர்மாவின் பெயரால் அமைந்த இவ்வூரில், திவான் உம்மிணித் தம்பியின் காலத்தில் தமிழ்ப் பகுதிகளிலிருந்து சாலியர் நெசவாளர் குடியமர்த்தப்பட்டனர். குழித்தறியில் நாடாவைக் கையால் எறிந்து நெய்யும் முறை இங்கே இன்றும் முற்றாக மறையவில்லை. அத்தறியில் உட்காருவதற்கு முன்பு பிள்ளை தார் சுற்றியிருக்க வேண்டும்; தெருவில் நீட்டிய பாவுக்குக் கஞ்சி தேய்க்கும் பெரியவர்களுக்கு உடன்நின்று உதவியிருக்க வேண்டும். ஒப்பந்தம் இல்லை, காலக்கெடு இல்லை, சான்றிதழும் இல்லை. கற்பிப்பவர் தகப்பன் அல்லது மாமன். எனவே கற்றவன் கற்றான் என்பதற்கு நெய்த துணியே சாட்சி.

பிரிட்டிஷ் இந்தியா இதே உறவை 1850-லேயே சட்டமாக எழுதிவிட்டது. அவ்வாண்டின் 19-ஆம் சட்டம் அநாதைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் ஓர் எசமானிடம் ஒப்பந்தத்தால் பிணைத்துத் தொழில் கற்பிப்பதற்கானது. ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே திருநெல்வேலிச் சீமையில் அது செல்லும். சமஸ்தானமாகிய திருவிதாங்கூரை அது கட்டுப்படுத்தவில்லை. ஆகவே இரு நிலப்பகுதிகளுக்கும் இடையே தொழிற்பழக்கம் பற்றிய சட்ட நினைவே வேறுபட்டது.

திருவனந்தபுரத்தில் மின்விளக்கு எரிந்தது 1929-இல், அனல்நிலையத்தின் துணையோடு. 1940-இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்கம்பி வீட்டுக்குள் நுழைந்ததும் புதியதொரு கைவினைஞர் தேவைப்பட்டார். அவருக்குக் குலமில்லை, தெருவில்லை, மரபுவழி ஆசானும் இல்லை. என் பார்வையில் இதுவே இத்தொழிலின் சிறப்பு. தச்சர், கொல்லர், சாலியர் என யாருடைய பிள்ளையும் இதில் நுழையலாம். ஆனால் பழைய கைத்திறன் வீணாகவில்லை: தேக்கு மரப் பட்டியில் கம்பியை வரிசையாகப் பிடித்து ஆணியடிக்கும் பழைய 'பேட்டன் வயரிங்' ஏறக்குறைய தச்சுவேலைதான். பிழை பொறுக்காமை ஒன்றே முற்றிலும் புதிது. தறியில் இழை அறுந்தால் முடிச்சிடலாம். பேஸும் நியூட்ரலும் மாறினால் திருத்த ஆள் இருக்கமாட்டான்.

இதனாலேயே மின்தொழில் தொடக்கம் முதல் சான்றிதழைக் கேட்டது. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதி, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலமாகவும் தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையிலுமே மின்னிணைப்புப் பணி நடக்கவேண்டும் என்றது. அதே 1956, நவம்பர் 1 அன்று எல்லையும் மாறியது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே ஒரு கோடு. ஒரே நெடுஞ்சாலை, ஒரே பேச்சு, இரண்டு மின்வாரியங்கள், மின்பணிக்கான உரிமம் வழங்க இரண்டு அமைப்புகள்.

1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 1850-இன் சட்டத்தை நீக்கி, நாடு முழுமைக்கும் ஒரே வரையறை தந்தது. குறைந்த வயது 14. ஒப்பந்தம் எழுதப்பட வேண்டும். பழகுநர் வயதுவராதவரானால் பாதுகாவலர் கையெழுத்திட வேண்டும். உதவித்தொகை உண்டு. ஆனால் 18-ஆம் பிரிவு பழகுநரைப் 'பயிற்சி பெறுபவர்' என்கிறது, தொழிலாளி என்று கொள்ளவில்லை. பயிற்சி முடிந்தபின் வேலை தரவேண்டிய கடமையையும் 22-ஆம் பிரிவு எசமானர்மேல் சுமத்தவில்லை. தனுவச்சபுரம் போன்ற அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணியாளர் பிரிவில் இரண்டாண்டு படித்து, பின் ஏதேனும் நிறுவனத்தில் ஓராண்டு பழகி, தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் பெறுவது இச்சட்டம் காட்டும் நேர்வழி.

நான் சந்தித்தவர்களில் பலர் வேறு வழியில் வந்தவர்கள். ஒரு மூத்த கம்பியாளரின் பின்னால் ஏணி தூக்கி, சுவரில் காடி வெட்டி, சில ஆண்டுகள் கழித்தே ஸ்விட்ச் பலகையைத் தொட அனுமதி பெற்றவர்கள். 2019-ஆம் ஆண்டின் விதித்திருத்தப்படி 30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனம் பழகுநரை ஏற்றே ஆகவேண்டும். 4 பேர் முதல் 29 பேர் வரை உள்ளவை விரும்பினால் ஏற்கலாம். இரண்டு பையன்களை வைத்து வீடு வீடாக வேலை செய்யும் மேஸ்திரி இந்தக் கணக்கில் எங்கும் வருவதில்லை. அவர் கற்பிக்கிறார், சட்டம் அவரை ஆசிரியராக அறியாது. பையன் கற்கிறான், சட்டம் அவனைப் பழகுநனாக அறியாது. தமிழ்நாடு இந்த இடைவெளிக்கு ஒரு வாயில் வைத்திருக்கிறது: மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. அதற்கு அனுபவமே நுழைவுச் சீட்டு.

விந்தை யாதெனில், பயிற்சி நிலையத்தில் படித்தவனின் தேசியச் சான்றிதழ் எல்லையின் இருபுறமும் ஒன்றே. அனுபவத்தால் கற்றவன் பெறும் அனுமதியோ மாநிலத்துக்கு உரியது. பாறசாலையில் பிறந்து, களியக்காவிளைக்கு அப்பால் மார்த்தாண்டத்தில் ஒரு தமிழ் மேஸ்திரியிடம் பழகியவர், தன் ஊர் வீட்டுக்குக் கம்பியிழுக்க எந்த அலுவலகத்தில் எந்த மொழியில் விண்ணப்பம் எழுதுவார்? 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுத இடமளிக்கிறது. நான் பார்த்த விண்ணப்பங்கள் மலையாளத்தில் இருந்தன. கையொப்பம் மட்டும் தமிழில்.