மோனிக்கா அம்மையாரின் கூடை

தியானப் பகுதி: சங்கீதம் 27:10, ரோமர் 14:9, எபிரெயர் 2:14,15



அடக்க ஆராதனை முடிந்து சில நாட்கள் கழித்து, துக்க வீடு ஒன்றிற்கு ஜெபிக்கச் சென்றிருந்தேன். மறைந்தவரின் படத்துக்கு முன் ஒரு தட்டில் இட்லியும் ஒரு தம்ளரில் காப்பியும் வைக்கப்பட்டிருந்தன. என் பார்வை அங்கே சென்றதைக் கண்ட அந்தச் சகோதரி தட்டை எடுக்கக் கை நீட்டினார், பின்பு நின்று, "ஐயா, அவங்க எங்களைப் பார்த்துக்கிட்டுத்தானே இருப்பாங்க?" என்று கேட்டார். நான் ஒரு சங்கீதத்தை வாசித்து ஜெபித்துத் திரும்பினேன். அவருடைய கேள்விக்கு மறுமொழி சொல்லவில்லை. சொல்லாமல் வந்தது என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த மறுமொழியைத் தேடியபோது, 1600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு தாயும் மகனும் என் நினைவுக்கு வந்தார்கள். அவர்களைக் குறித்து இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அந்தத் தாய் மோனிக்கா. மகன் பரிசுத்த அகுஸ்தீன். வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அவர்கள் வாழ்ந்த ரோமப் பேரரசில், மரித்தோருக்கென்று இருவகை நாட்கள் இருந்தன. பிப்ரவரி 13 முதல் 21 வரை பேரன்தாலியா என்னும் நாட்கள். அப்போது குடும்பத்தார் பெற்றோரின் கல்லறைகளுக்குச் சென்று அப்பமும் மதுவும் மலர்களும் படைப்பார்கள். மே மாதத்தில் லெமூரியா என்னும் நாட்கள். அந்த இரவுகளில் வீட்டுத் தலைவன் நள்ளிரவில் வெறுங்காலோடு எழுந்து, திரும்பிப் பாராமல் கருநிறப் பயறுகளைத் தன் பின்னே எறிவான். முன்னோர்களின் ஆவிகள் வீட்டைவிட்டுப் போகும்படி ஒன்பது முறை சொல்லி வேண்டுவான். பிப்ரவரியில் அன்போடு படைக்கப்பட்டவர்களே மே மாதத்தில் அச்சத்தோடு துரத்தப்பட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். முன்னோரைக் காவலாக நம்புகிறவன், அவர்கள் கோபத்துக்கும் அஞ்சியே தீரவேண்டும்.

இந்த அச்சம் நமக்கும் அந்நியமானதல்ல. 19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் செய்த கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூலில், அகால மரணமடைந்தவர்கள் பேயாக உலவுவார்கள் என்று அப்பகுதி மக்கள் நம்பியதைப் பதிவு செய்திருக்கிறார். போரில் காயமுற்று இறந்த ஓர் ஆங்கிலேய அதிகாரிக்கும்கூட மதுவும் சுருட்டும் படைத்து வந்தார்களாம். அந்நூலின் சில கருத்துகள் நம் மக்களைப் புண்படுத்தியவை. ஆயினும் அந்தப் பயம் உண்மையானது. நம் முன்னோர்கள் சுவிசேஷத்தை விடுதலையின் செய்தியாகக் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

மோனிக்காவிடம் திரும்புவோம். மகனைத் தேடி அவர் இத்தாலியிலுள்ள மிலான் நகருக்கு வந்தார். ஆப்பிரிக்கக் கிறிஸ்தவர்களின் வழக்கப்படி, இரத்தசாட்சிகளின் கல்லறைகளுக்குக் கூழும் அப்பமும் மதுவும் கூடையில் எடுத்துச் சென்றார். ஒரே ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் கலந்த மதுவை வைத்துக்கொண்டு, எல்லாக் கல்லறைகளிலும் அதிலேயே சிறிது அருந்துவது அவர் வழக்கம். ஆனால் வாசற்காவலன் அவரைத் தடுத்துவிட்டான். குடிவெறிக்கு இடம் உண்டாகக்கூடாது, பேரன்தாலியாவைப் போன்ற மூடவழக்கம் சபைக்குள் நுழையக்கூடாது என்று பேராயர் அம்புரோஸ் அதைத் தடை செய்திருந்தார்.

மோனிக்கா வாதாடவில்லை. அந்த நாள் முதல் கூடைக்குப் பதிலாக ஜெபம் நிறைந்த இருதயத்தைக் கொண்டுசென்றார். கூடையில் எடுத்துச் செல்வதை ஏழைகளுக்குக் கொடுத்தார். இதை அகுஸ்தீனே தம் அறிக்கை நூலில் எழுதியிருக்கிறார். அன்பு மறுக்கப்படவில்லை, அது போய்ச் சேரவேண்டிய இடம் மாற்றப்பட்டது.

387ஆம் ஆண்டு, தாய்நாடு திரும்பும் வழியில் ஒஸ்தியா துறைமுகத்தில் மோனிக்கா மரித்தார். கணவரின் பக்கத்தில் அடக்கம் பண்ணப்படவேண்டும் என்று நெடுநாள் ஆசைப்பட்டிருந்தவர், கடைசியில் தம் உடலை எங்கே வைத்தாலும் கவலைப்படவேண்டாம், கர்த்தருடைய பீடத்தண்டையில் தம்மை நினைத்துக்கொண்டால் போதும் என்று சொன்னார்.

ஏறக்குறைய 35 ஆண்டுகளுக்குப் பின், முதியவரான அகுஸ்தீனிடம் நோலாவின் பேராயர் பவுலினுஸ் ஒரு கேள்வி அனுப்பினார். இரத்தசாட்சியின் கல்லறைக்கு அருகே அடக்கம் பண்ணப்படுவதால் மரித்தவருக்கு நன்மை உண்டா என்பது அது. மறுமொழியாக எழுதிய நூலில் அகுஸ்தீன் தம் தாயை நினைவுகூருகிறார். மரித்தோரின் ஆத்துமாக்கள் உயிரோடிருப்போரின் காரியங்களில் கலந்துகொள்ளக் கூடுமானால், தரையிலும் கடலிலும் தம்மைப் பின்தொடர்ந்த தாய் ஒரே ஒரு இரவுகூடத் தம்மிடம் வராமல் இருந்திருக்கமாட்டார் என்கிறார். அவர் வரவில்லை. அன்பு குறைந்ததாலா? அல்ல. அவர் தேவனுடைய இளைப்பாறுதலில் இருக்கிறார். தகப்பனும் தாயும் கைவிட்டாலும் கர்த்தர் சேர்த்துக்கொள்வார் என்னும் சங்கீத வாக்கை அகுஸ்தீன் அங்கே எடுத்துக்காட்டுகிறார். ஆபிரகாம் நம்மை அறியாவிட்டாலும் கர்த்தரே நம் பிதா என்று ஏசாயா 63:16 சொல்வதையும் நினைப்பூட்டுகிறார்.

மரித்தோருக்கான ஜெபத்தைக் குறித்து அகுஸ்தீன் எழுதியவை யாவற்றோடும் நம் திருச்சபை ஒத்துப்போவதில்லை. தேவன் சித்தங்கொண்டால் மரித்தோர் சில காரியங்களை அறியக்கூடும் என்றும் அவர் எழுதினார். ஆனால் வீட்டின் காவலை அவர்கள்மேல் சுமத்தவில்லை.

பிரியமானவர்களே, வேதம் மரித்தோரை நாடுவதைத் தடுப்பது நம் துக்கத்தை அற்பமாக எண்ணி அல்ல. எந்தோரில் சாமுவேலைத் தேடிய சவுலுக்கு ஆறுதல் கிடைக்கவில்லை, நடுக்கமே கிடைத்தது. கிறிஸ்துவோ மரணபயத்தினால் அடிமைப்பட்டிருந்தவர்களை விடுதலையாக்கும்படி தாமே மரணத்துக்குள் சென்றார். மரித்தோர்மேலும் ஜீவனுள்ளோர்மேலும் அவரே ஆண்டவர். நம்மவர்கள் அங்கே அவர் கரத்தில் இருக்கிறார்கள். நாம் இங்கே அவர் கரத்தில் இருக்கிறோம். கரம் ஒன்றே. ஆகவே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அது தாத்தாவின் கோபம் அல்ல. இரவில் வீட்டைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை, தூங்குவதுமில்லை.

அந்தச் சகோதரியை மறுபடியும் சந்திக்கும்போது, மோனிக்காவின் கூடையைக் குறித்துச் சொல்லப்போகிறேன். "அம்மா, உங்களைக் காக்கும் பாரத்தை அவர்மேல் வைக்காதீர்கள், அவர் இளைப்பாறட்டும். அந்தத் தட்டை, தெருமுனையில் பசியோடிருக்கிறவரிடம் கொண்டுபோங்கள்" என்பேன். உங்கள் வீட்டிலும் அப்படியொரு தட்டு இருக்குமானால், உங்களுக்கும் அதையே சொல்லுகிறேன்.

ஜெபம்: மரணத்தை ஜெயித்த ஆண்டவரே, எங்களுக்கு முன் சென்றவர்களுக்காக உமக்கு நன்றி செலுத்துகிறோம். அவர்களை உம்மிடத்தில் நம்பி ஒப்புவிக்கவும், பயமின்றி உமது நிழலில் தங்கவும் எங்களுக்குக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.